சம்பந்தியம்மாளுக்கு இரண்டு உறைகள்

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்,
8 ஜனவரி 1931

அன்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தியம்மாள் ஜோசஃபின் அவர்களுக்கு, சாந்தமேரி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகன் மாரிஸும் உங்கள் மகள் பிலோமினாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். கிள்ளானில் நீங்களும் சம்பந்தி ரபேல் அவர்களும் சுகமா? இந்த மழைக்கு அவருடைய முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன வருஷம் நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று நீங்கள் வந்திருந்தீர்கள். எனக்குப் போட்ட மாலையை நான் கழற்றிக்கொண்டிருந்தபோது, "இனிமே காலையில எந்திரிச்சு என்ன செய்வீங்க சம்பந்தி?" என்று கேட்டீர்கள். செபமாலை சொல்வேன் என்றேன். அது பாதி உண்மை. செபமாலை முடிந்ததும் மேசையில் உட்கார்ந்து கதை எழுதுகிறேன். சிறிய கதை இல்லை, நாவல். ரமணி என்று ஒரு பெண் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, முகம் தெரியாத ஒருவனைக் கட்டிக்கொள்ள இங்கே வருகிறாள். அவளுக்கு வாய்த்த மாமியார் சீதாலெட்சுமி. இருவரும் ஒரு வீட்டில் வாழ்வதுதான் கதை. மாரிஸுக்கு இது தெரியாது. பழைய பாடக்குறிப்புகளைப் படியெடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். பிலோமினாவுக்கு மட்டும் தெரியும்.

தனியாக எழுதுவது சேலை மடிப்பதைப் போல இருக்கிறது. ஆறு கெஜச் சேலையை ஒருத்தியே மடிக்கலாம், ஆனால் எங்கேயோ கோணிப்போகும். எதிர்முனையைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். பிலோமினாவின் கலியாணத்துக்கு முந்தின நாள், பெண்கள் பூக்கட்டிக்கொண்டிருந்தபோது, நீங்கள் படித்த ஒரு நாவலைச் சொன்னீர்கள். எல்லோரும் பூவை மடியில் போட்டுவிட்டு உங்கள் வாயைப் பார்த்தார்கள். கடைசியில், முடிவைக் கெடுத்துவிட்டான் என்று அந்த ஆசிரியரைத் திட்டினீர்கள். அன்றைக்கே உங்களை மனதில் குறித்துக்கொண்டேன். மூன்று அத்தியாயங்களை இத்துடன் அனுப்புகிறேன். படித்துவிட்டு மனதில் பட்டதை எழுதுங்கள்.

பிலோமினா தன் முத்தங்களை அனுப்பச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சாந்தமேரி


சேசு மரி சூசை துணை

கிள்ளான்,
22 ஜனவரி 1931

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாளுக்கு ஜோசஃபின் எழுதும் கடிதம். நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தீர்கள் என்றதும் அவருக்கு வலி கூடிவிட்டது. யாராவது கேட்டால்தான் அவருக்கு வலிக்கும்.

உங்கள் கட்டைப் பிரித்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. துறைமுக வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரர் சோறு கேட்டார். எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். கப்பலிலிருந்து இறங்கியவர்களைத் நோய்த் தடுப்பு முகாமில் அடைக்கும் இடத்தை இந்த ஊர்க்காரி நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படியே எழுதியிருக்கிறீர்கள்.

மனதில் பட்டதை எழுதச் சொன்னதால் ஒன்று சொல்கிறேன். உங்கள் சீதாலெட்சுமி வாயைத் திறந்தால் பிரசங்கம்தான் வருகிறது. நம் சுவாமியார்கூட ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பிரசங்கம் வைக்கிறார். இந்த அம்மாள் உலை வைக்கும்போதும் வைக்கிறாள். ரமணியும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே நிற்கிறாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்று எழுதுகிறேன்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி எங்கள் கோயிலில் லூர்து மாதா திருநாள். பிலோமினாவையும் மாப்பிள்ளையையும் அனுப்பி வையுங்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வே பாஸ் இருக்கிறது, ஒரு சிரமமும் இல்லை. அவளுக்கென்று பாயாசத்துக்கு இப்போதே எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன்.

தங்கள் சம்பந்தி,
ஜோசஃபின்


சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்,
4 பிப்ரவரி 1931

அன்புள்ள சம்பந்தியம்மாளுக்கு, அனைவரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

கடிதம் கிடைத்தது. சீதாலெட்சுமியைப் பற்றி எழுதியதைப் படித்தேன். நல்ல புத்தி சொல்லும் பெரியவர்களும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். இருந்தாலும் நீங்கள் சொன்னதை யோசிக்கிறேன்.

திருநாளுக்குப் பிலோமினாவை இந்த முறை அனுப்ப இயலாது. இங்கே சில காரியங்கள் இருக்கின்றன. நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
சாந்தமேரி


சேசு மரி சூசை துணை

கிள்ளான்,
1 மார்ச் 1931

என்றும் மதிப்புக்குரிய சம்பந்தியம்மாளின் சமூகத்துக்கு, ஜோசஃபின் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். உங்கள் அனைவருடைய சுகத்துக்கும் மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன்.

மூன்று அத்தியாயங்களையும் மறுபடி படித்தேன். போன தடவை அவசரத்தில் படித்து என்னவோ எழுதிவிட்டேன். அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நிதானமாகப் படிக்கும்போதுதான் சீதாலெட்சுமியின் அருமை தெரிகிறது. அவள் சொல்வது ஒவ்வொன்றும் பொன். அப்படி ஒரு மாமியார் கிடைக்க எந்தப் பெண்ணும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் கொண்டுவருகிறவரிடம் நெத்திலிக் கருவாடும் ஒரு சாடி இறால் ஊறுகாயும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிலோமினா சமைத்தால் உப்புக் கூடும். வாயும் கொஞ்சம் துடுக்கு. ஒரே பெண் என்று செல்லம் கொடுத்துவிட்டோம். ஏதாவது தவறு செய்திருந்தால் எனக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்பை என்றும் நாடும்,
ஜோசஃபின்


சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்,
15 மார்ச் 1931

அன்புள்ள சம்பந்தியம்மாளுக்கு, இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். ஊறுகாய் பாதி தீர்ந்துவிட்டது. பிலோமினா தன் பங்கைத் தனிக் கிண்ணத்தில் ஒளித்து வைத்திருக்கிறாள்.

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கையில் ஒரு வேகம் வந்துவிட்டது. இன்னும் ஐந்து அத்தியாயங்கள் முடித்து இத்துடன் அனுப்புகிறேன். சீதாலெட்சுமியை இன்னும் விரிவாக எழுதியிருக்கிறேன்.

இங்கே கோலாலம்பூரில் புதிதாக ஒரு வாரப் பத்திரிகை வருகிறது. அதன் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டேன். கதை நன்றாக இருந்தால் கிறிஸ்துமஸ் மலரிலிருந்து தொடராகப் போடுவதாகப் பதில் வந்திருக்கிறது. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். தபால்காரர் அய்யாவு தெருமுனையில் திரும்புவதற்குள் கதவருகே நிற்கிறேன். அவர் சிரிக்கிறார். உங்கள் வார்த்தையை நம்பித்தான் இந்தக் காரியத்தில் இறங்குகிறேன். படித்து எழுதுங்கள்.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு திருநாளுக்கும் பிலோமினாவை அனுப்ப முடியாத நிலை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
சாந்தமேரி


சேசு மரி சூசை துணை

கிள்ளான்,
20 மே 1931

பெருமதிப்புக்குரிய சம்பந்தியம்மாளின் சமூகத்துக்கு, ஜோசஃபின் பணிவுடன் எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். வீட்டில் வேலை.

ஐந்து அத்தியாயங்களும் மிகவும் நன்றாக இருக்கின்றன. ஒரு குறையும் இல்லை. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். கண்ணீர் விட்டு அழுதேன். பத்திரிகைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வார். பிலோமினாவிடமிருந்து கடிதம் வந்து நாளாயிற்று. அவள் உடம்பு நன்றாக இருக்கிறதா? நேரம் கிடைத்தால் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

தங்கள் தயவை நாடும்,
ஜோசஃபின்


சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்,
4 ஜூலை 1931

சம்பந்தியம்மாளுக்கு, சுகம். சுகமறிய ஆவல்.

பத்திரிகை ஆசிரியர் எட்டு அத்தியாயங்களையும் திருப்பி அனுப்பிவிட்டார். கூட நான்கு வரி எழுதியிருக்கிறார். அதை அப்படியே தருகிறேன்: "தங்கள் தமிழ் சுத்தமானது. கப்பல் காட்சிகள் சிறப்பு. ஆனால் மாமியார் பேசுவதில்லை, உபதேசிக்கிறார். மருமகள் அசைவதே இல்லை. திருத்தி அக்டோபர் முடிவுக்குள் அனுப்பினால் மீண்டும் பார்க்கலாம்."

மேசைக்கும் சன்னலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். ரயில் போகும் சத்தம் கேட்டால்கூட எரிச்சலாக இருக்கிறது. அவர் எழுதியிருப்பது எனக்குப் புதிதாக இல்லை. நீங்கள் முதல் கடிதத்தில் சொன்னது இதேதான். நான் கேட்பது ஒன்றுதான். முதலில் சரியாகச் சொன்னவர் பிறகு ஏன் எல்லாம் பொன் என்று எழுதினீர்கள்? கண்ணீர் விட்டதாக எழுதினீர்களே, எந்த இடத்தில்? எந்தப் பக்கத்தில்?

என் வகுப்பில் பிள்ளைகளின் கணக்கைப் பக்கத்திலிருப்பவரை விட்டுத் திருத்தச் சொல்வேன். வாலண்டைனும் விஜயனும் இணைபிரியாத சிநேகிதர்கள். ஒருவன் கணக்கை மற்றவன் திருத்தினால் எல்லாம் சரி என்று வரும். பரீட்சையில் இரண்டு பேரும் சேர்ந்து தோற்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்பது வயது. நமக்கு அந்த வயது இல்லை.

பதில் எழுதுங்கள்.

சாந்தமேரி


பிரிக்பீல்ட்ஸ்,
10 ஆகஸ்ட் 1931

சம்பந்தியம்மாளுக்கு, சுகம்தானே?

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அய்யாவு இப்போது சிரிப்பதில்லை. என்னைப் பார்த்ததும் தலையை அசைத்துவிட்டுப் போகிறார். கோபத்தில் எழுதியதை மறந்துவிடுங்கள். அக்டோபர் நெருங்குகிறது. எதைத் திருத்துவது, எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வரி போதும்.

சாந்தமேரி


சேசு மரி சூசை துணை

கிள்ளான்,
16 ஆகஸ்ட் 1931

பெருமதிப்புக்குரிய சம்பந்தியம்மாளின் சமூகத்துக்கு, ஜோசஃபின் நடுக்கத்துடன் எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம்.

தங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நான் அதிகம் படித்தவள் இல்லை. கதையைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? தெரியாமல் எழுதியது எல்லாம் என் தவறு. தங்களுக்கு ஏற்பட்ட வருத்தத்துக்கு நான் காரணம் என்றால் என் மேல் கோபித்துக்கொள்ளுங்கள். பிலோமினா சின்னப் பெண். அவளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் மேல் காட்ட வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாளி நண்டு கொடுத்தனுப்புகிறேன். ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தங்கள் தயவை என்றும் நாடும்,
ஜோசஃபின்


சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்,
23 ஆகஸ்ட் 1931

அன்புள்ள ஜோசஃபின் அவர்களுக்கு, நாங்கள் எல்லோரும் சுகம். பிலோமினா நல்ல சுகம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். பிலோமினா நீங்கள் அனுப்பிய நண்டை உடைத்துக்கொண்டிருந்தாள். உங்க அம்மா உன்னை நான் அடிப்பேன் என்று நினைக்கிறார்களா என்று கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"அடிப்பீங்கன்னு நினைக்கல அத்தை. அனுப்ப மாட்டீங்கன்னு நினைக்கிறாங்க."

எங்கே அனுப்ப மாட்டேன் என்றேன்.

"வீட்டுக்குத்தான். ஜனவரியில அம்மா உங்க கதையில குறை எழுதினாங்க. பிப்ரவரியில நீங்க என்னைத் திருநாளுக்கு அனுப்பல. பாஸ்குக்கும் அனுப்பல. பொண்ணு கொடுத்தவங்க பயப்பட அது போதாதா?"

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நீ ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்கதானே அத்தை வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. எதை எழுதினாலும் அது வெளிய வந்துரும்னுதான் எழுதறதையே நிறுத்திட்டேன்."

நான் அங்கே கிடந்த மணையில் உட்கார்ந்துவிட்டேன். ஜோசஃபின், நான் உங்களிடம் மறைத்தது இதுதான். இந்த வருஷத் தொடக்கத்தில் ரயில்வேயில் ஆட்குறைப்பு வந்தது. மாரிஸின் வேலை போய்விட்டது. பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். திருநாளுக்கு அனுப்பாததற்கு அதுதான் காரணம். பெண் கொடுத்த வீட்டில் தெரிந்தால் நம் மதிப்பு என்ன ஆகும் என்று நினைத்தேன். உங்கள் மகளையும் சொல்ல வேண்டாம் என்று கட்டிப்போட்டேன். அவள் உங்களுக்கு எழுதாமல் இருந்தது என்னால்தான். இப்போது மாரிஸ் ரவாங்கில் ஈயச் சுரங்கம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறான். சனிக்கிழமை வருகிறான். பட்டினி இல்லை. ஆனால் நான் மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மாதங்களில் நீங்கள் மகளுக்காகப் பயந்துகொண்டிருந்தீர்கள். அந்தப் பயத்தைப் பாராட்டு என்று நினைத்து நான் ஐந்து அத்தியாயம் எழுதினேன்.

இப்போது ஒரு யோசனை. சம்பந்திகளால் ஒருவருக்கொருவர் உண்மை எழுத முடியாது. அது நம் இருவர் குற்றம் இல்லை, அந்த உறவு அப்படி. அதனால் இனி இரண்டு உறைகள் வைத்துக்கொள்வோம். ஒன்று சம்பந்திக்கு. அதில் சுகம் விசாரிப்போம், கருவாடு அனுப்புவோம், ஒருவரையொருவர் வானளாவப் புகழ்வோம். இன்னொன்று கதைக்கு. அதில் வணக்கம் வேண்டாம், சுகம் வேண்டாம். வெறும் பெயர் போதும். அதில் எழுதுவது மற்ற உறைக்குள் போகாது.

வெறும் வாக்கை நம்புங்கள் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவள் பிலோமினாதான். இப்போது உங்கள் எதிரில் நின்றுகொண்டிருப்பாள். நீங்கள் எழுதி முடிக்கும்வரை அவள் உங்கள் வீட்டில் இருக்கட்டும். எத்தனை நாளானாலும் சரி. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

சாந்தமேரி


கிள்ளான்,
20 செப்டம்பர் 1931

சாந்தமேரி,

இந்தப் பெயரை வெறுமையாக எழுத மூன்று தாள் வீணாயிற்று. இனி எழுதிவிடுவேன்.

மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிச் சம்பந்தி உறையில் தனியாக எழுதியிருக்கிறேன். இங்கே கதை மட்டும்.

உங்கள் ஆசிரியர் பாதிதான் சொல்லியிருக்கிறார். எட்டு அத்தியாயத்தில் ரமணி ஒரு தடவைகூடச் சாப்பிடவில்லை. கப்பலில் வாந்தி எடுத்தாள், பிறகு மாமியாருக்குச் சமைத்துப் போட்டாள், கணவனுக்குக் கட்டிக்கொடுத்தாள். அவளுக்குப் பசிக்காதா? சிரிக்கவும் இல்லை. வயசுப் பெண் ஒரு வருஷம் சிரிக்காமல் இருந்தால் சீதாலெட்சுமி பேயோட்டுகிறவனைத்தான் கூப்பிட வேண்டும்.

ஐந்தாம் அத்தியாயம் முழுக்க வேண்டாம். சீதாலெட்சுமி பொறுமையைப் பற்றிப் பேசுகிறாள், பேசுகிறாள், ரமணி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் கால் வலித்தது. நான் கண்ணீர் விட்டதாக எழுதினேனே, அது அந்த அத்தியாயத்தைப் படித்த அன்று. வெங்காயம் உரித்துக்கொண்டே படித்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "படிக்கிறப்போ வேப்பெண்ணெய் குடிச்ச மூஞ்சி. பதில் எழுதுறப்போ தேனா ஒழுகுது. நீ யாருக்கடி புள்ள நடிக்கிறே?" என்று கேட்டார். பெண் எடுத்தவளுக்கு என்று சொன்னேன். மிச்ச வெங்காயத்தை அவர் வாங்கி உரித்தார்.

நல்லதும் சொல்கிறேன், இது தேன் இல்லை. தடுப்பு முகாமில் கலியாணமாகாத பெண்களைத் தனிக் கொட்டகையில் போடுகிறார்கள் என்று கேட்டு, ரமணி பக்கத்திலிருந்தவளின் மெட்டியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, எனக்குக் கலியாணம் ஆகிவிட்டது என்று பொய் சொல்கிறாள். அந்த இடத்தில்தான் அவள் யாரென்று எனக்குத் தெரிந்தது. இவள் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பிறகு மாமியார் வீட்டுக்குள் நுழைந்ததும் அவளை ஊமையாக்கிவிட்டீர்கள். அத்தனை பெரிய அதிகாரிகளிடம் பொய் சொன்னவள் மாமியாரிடம் ஒரு பொய்கூடவா சொல்ல மாட்டாள்? நான் உங்களிடம் எத்தனை சொன்னேன், கணக்குப் பாருங்கள்.

சீதாலெட்சுமியும் பொய் சொல்லட்டும். மதிப்புக்காக எதையாவது மறைக்கட்டும். அப்போது நான் அவளை நம்புவேன்.

எழுதி முடித்ததும் கை சில்லிட்டுவிட்டது. பிலோமினா பக்கத்தில் பலாச்சுளை தின்றுகொண்டிருக்கிறாள். "அனுப்பும்மா, அத்தை தாங்கிக்குவாங்க" என்கிறாள். நாளை ரயிலில் அவளை அனுப்புகிறேன்.

ஜோசஃபின்


பிரிக்பீல்ட்ஸ்,
15 நவம்பர் 1931

ஜோசஃபின்,

பிலோமினா உறையை என் கையில் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை நிலைப்படியிலேயே நின்றாள். அம்மா என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள். உங்க அம்மாவுக்கு வாய் நீளம் என்றேன். "அது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும் அத்தை" என்று உள்ளே போய்விட்டாள்.

நான் கோபப்படவில்லை என்று எழுதினால் இந்த உறைக்கு அர்த்தம் இல்லை. கோபப்பட்டேன். துவைத்த துணியையே மறுபடி எடுத்துத் துவைத்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளின் கட்டுரையில் சிவப்பு மை போட்டவள் நான். அந்த மை என் பக்கத்தில் விழுந்தால் எப்படி எரியும் என்று இப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் வரை உங்களுக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ரமணி சாப்பிட்ட இடத்தை எடுத்துக்காட்டுவதற்காக எட்டு அத்தியாயங்களையும் புரட்டினேன். இல்லை. எங்குமே இல்லை.

மறுநாள் ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியாமல் சில நாள் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடந்தேன். பிறகு பிலோமினாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்த வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் என்ன பொய் சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன்.

"பெருசைச் சொல்லவா அத்தை, சின்னதைச் சொல்லவா?"

சின்னதில் ஆரம்பி என்றேன்.

"உங்க மீன்குழம்பு எனக்குப் பிடிக்கும்னு சொல்லியிருக்கேன்."

மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்குப் பிடிக்கும் என்று நான் செய்யும் குழம்பு. எனக்கும் அது அவ்வளவாகப் பிடிக்காது. அதைச் சொன்னதும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள், எனக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். அன்றைக்கே மேசைக்குப் போய் ரமணியையும் சீதாலெட்சுமியையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சாப்பிட வைத்தேன். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அந்தச் சோற்றை விழுங்குகிறார்கள். இதுவரை நான் எழுதியதில் அந்த ஒரு பக்கம்தான் எனக்கு வேலை மாதிரித் தோன்றவில்லை.

அதனால் அக்டோபர் போய்விட்டது. கதை தயாராகவில்லை என்று ஆசிரியருக்கு எழுதினேன். கிறிஸ்துமஸ் மலரில் வேறொருவரின் தொடர் ஆரம்பமாகிறது என்றும், பிறகு இடம் இருக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் பதில் வந்தது. அந்தத் தபால் அட்டையைப் படித்தபோது நெஞ்சு வலித்தது. இருந்தாலும் பழைய எட்டு அத்தியாயங்கள் அச்சாகி ஊரெல்லாம் படிப்பதை நினைத்தால் இன்னும் அதிகமாக வலிக்கிறது. என்னால் இன்னும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முன்பு தபாலுக்காக எழுந்து நடந்தேன். இப்போது அடுத்து ரமணி என்ன செய்வாள் என்று தெரியாமல் நடக்கிறேன்.

உங்களைத் துணையாகக் கேட்டபோது, என்னை உற்சாகப்படுத்த ஒருவர் வேண்டும் என்றுதான் நினைத்தேன். உற்சாகம் நிறையவே கொடுத்தீர்கள், அதில் ஐந்து அத்தியாயம் கெட்டது. நீங்கள் கை சில்லிட எழுதிய இரண்டு தாளில் கதை எழுந்து நின்றுவிட்டது. ரமணி என்ன ஆவாள் என்று என்னைப் போலவே அக்கறைப்பட்டு ஒருவர் கிள்ளானில் இருக்கிறார் என்பதே எனக்குப் போதுமான உற்சாகம்.

முதல் நான்கு அத்தியாயங்களைப் புதிதாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். குறை நிறை என்று பெரிதாக எழுத வேண்டாம். கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு படியுங்கள். படிப்பதை விட்டுவிட்டு எழுந்து அடுப்பைப் பார்க்கலாமா என்று எந்த வரியில் தோன்றுகிறதோ, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். காரணம் எழுதாமல், கோட்டோடு எனக்குத் திருப்பி அனுப்புங்கள்.

சாந்தமேரி